அக்காவின் பெயரில் நின்ற பச்சைக் கோடு

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இன்று அவருக்குத் திதி கொடுத்த கையோடு இந்த நினைவு மலரை உங்களிடம் தருகிறோம். வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். முன் பக்கங்களில் அக்காவின் மகனும் மகளும் எழுதியிருக்கிறார்கள். அக்காவின் சமையல், பக்தி, பேரப்பிள்ளைகள் மேல் வைத்திருந்த பாசம் எல்லாம் அங்கே அழகாக இருக்கின்றன. அதையே நானும் எழுதினால் உங்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு.

நான் எழுத வந்த விஷயம் வேறு. அக்காவை நம்மில் பாதிப் பேர் 'பச்சைக்கோடு' என்றுதான் கூப்பிட்டோம். கல்யாண வீட்டு வாசலில் அவர் தலை தெரிந்தாலே, "பச்சைக்கோடு வந்தாச்சு, கலர் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க" என்று யாராவது ஒருவர் குரல் கொடுப்பார், எல்லாரும் சிரிப்போம். அக்காவும் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். அந்தப் பெயர் அக்காவுக்கு எப்படி வந்தது என்று உங்களுக்குச் சொல்லப்பட்ட கதை தவறு. அதைத் திருத்தாமல் இந்த மலர் வெளிவரக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்று இந்தப் பக்கங்களை வாங்கியிருக்கிறேன். தயவுசெய்து கடைசி வரி வரை படியுங்கள். பாதியில் மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டுப் பந்திக்குப் போய்விடாதீர்கள்.

அக்கா ஜார்ஜ்டவுனில் பிறந்தவர். எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள், எங்களுக்குள் ஒன்பது வயது வித்தியாசம். அக்கா பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்த நேரத்தில் அப்பாவுக்கு இடுப்பில் அடிபட்டது. அதற்குப் பிறகு அவரால் கனமாக எதையும் தூக்க முடியவில்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று கனவு கண்டுகொண்டிருந்த அக்கா, ஒரு திங்கட்கிழமை காலை பெரி என்கிற பயணிகள் கப்பலில் ஏறி, தீவிலிருந்து அக்கரைக்குப் போய், பிறை என்ற ஊரில் ஸ்பார்க் பிளக் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. கனவு போயிற்றே என்று அவர் அழுததை நான் பார்த்ததில்லை. முதல் நாள் வேலை முடிந்து வந்தவர், "நாளைக்கு டிபன் கேரியர் வேணும்மா, அங்க கேன்டீன் சாப்பாடு வாயில வைக்க முடியல" என்று மட்டும் சொன்னார்.

அவர் வேலை என்னவென்று உங்களில் பலருக்குச் சரியாகத் தெரியாது. ஸ்பார்க் பிளக்கைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிளிலும் காரிலும் படகு எஞ்சினிலும் பொறி கொடுக்கும் சின்னச் சாமான். அதன் மேல்பாதி வெள்ளைப் பீங்கான். அந்தப் பீங்கானில் எழுத்தும் எண்ணும், சுற்றிலும் வண்ணக் கோடும் இருக்கும். அவற்றை அச்சிடுவதுதான் அக்காவின் வேலை. எழுத்து வெட்டிய இரும்பு உருளை மையைத் தொட்டு ரப்பர் உருளைக்குக் கொடுக்கும். பீங்கான் அந்த ரப்பரின் மேல் ஒரு சுற்று உருண்டால் எழுத்தும் கோடும் அதில் ஏறிவிடும். பார்க்க மிகச் சுலபம். ஒரு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

கஷ்டம் மையில்தான். அந்த மைக்கு டின்னில் இருக்கும்போது ஒரு நிறம், சூளையில் சுட்ட பிறகு வேறு நிறம். நீலமும் பச்சையும் சுடுவதற்கு முன் இரண்டுமே சாம்பல் கலந்த கறுப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்ணால் பிரிக்க முடியாது. போதாக்குறைக்கு, அச்சிட்ட பிறகு பளபளப்புக்காக மேலே ஒரு பூச்சைத் தெளிப்பார்கள். சுடாத அந்தப் பூச்சு சுண்ணாம்பு அடித்ததுபோல எல்லாவற்றையும் மூடிவிடும். சூளைக்குள் போய் அது உருகிக் கண்ணாடியான பிறகுதான் உள்ளே என்ன அச்சிட்டோம் என்பதே தெரியும். அதற்குள் ஆயிரக்கணக்கில் ஓடியிருக்கும்.

அதனால் அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். அதற்கு 'முதல் பத்து' என்று அவரே பெயர் சூட்டினார். மை மாற்றும் ஒவ்வொரு முறையும் பத்தே பத்துப் பீங்கானை அச்சிட்டு, பூச்சடித்து, பரிசோதனைக்கென்று மூலையில் இருந்த சின்னச் சூளையில் வைப்பார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது வரை மெஷினை ஓட்ட மாட்டார். சூளையிலிருந்து வந்த பத்தையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, கூடத்தைக் கடந்து, கதவைத் திறந்து வெளியே வெயிலில் போய் நின்று பார்ப்பார். டியூப் லைட் வெளிச்சத்தை அவர் நம்பியதே இல்லை. சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். அக்கா கண்டுகொள்ள மாட்டார்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்பது லெபோ பசார் கடைத்தெருவில் அவரோடு சேலை எடுக்கப் போன எல்லாருக்கும் தெரியும். பிடித்த சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே தெருவுக்கு நடந்துவிடுவார். கடைப் பையன்கள் பின்னாலேயே ஓடி வருவார்கள். என் கல்யாணச் சேலைக்கு மட்டும் ஏழு தடவை தெருவுக்குப் போய் வந்தார். ஏழாவது தடவை முதலாளியே குடை பிடித்துக்கொண்டு கூட வந்தார், மழை தூறிக்கொண்டிருந்தது.

அத்தானைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தெலுக் பாஹாங்கில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தவர் அவர். பெண் பார்க்க வந்த அன்று அவர் நகக்கண்ணில் எஞ்சின் எண்ணெய், அக்காவின் நகக்கண்ணில் பிளக் மை. பெரியவர்கள் ஜாதகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, காப்பி கொண்டு வந்த அக்கா நேராக அவரிடம் கேட்டார்:

"பிளக் மாத்துறப்ப எதப் பாத்து எடுப்பீங்க?"

"வேற எத? கோட்டப் பாத்துத்தான். நம்பர் எல்லாம் எண்ணெய்க் கையில படிக்க முடியாது லா."

அந்தப் பதில் அக்காவுக்குப் பிடித்துவிட்டது. தான் போடும் கோட்டை நம்பி ஒருவர் எஞ்சினைத் திறந்து மூடுகிறார் என்பது அவருக்கு அன்றுதான் நேரில் தெரிந்தது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். கல்யாணம் முடிந்து, மகனும் மகளும் பிறந்து, தெலுக் பாஹாங்கிலிருந்து பஸ் ஏறி, பெரி ஏறிப் பிறைக்குப் போய் வந்தார். ஒருநாள்கூட அந்தத் தூரத்தைச் சொல்லி அலுத்துக்கொண்டதில்லை.

இனி என் கதை வருகிறது. என் கணவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது, மகளுக்கு நான்கு வயது. அக்காதான் என்னை அதே தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார். பூச்சுத் தெளிக்கும் இடத்தில் வேலை. ஒப்பந்த வேலைதான், ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்கள், இல்லையென்றால் போகச் சொல்லிவிடுவார்கள். அக்கா இல்லாத நாளில் அச்சு மெஷினையும் நானே பார்த்துக்கொள்வேன். அதே சமயம் அச்சுப் பிரிவுக்கு அக்காவைத் தலைவியாகப் போடப் போகிறார்கள் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்ப் பெண் ஒருத்தி அந்த இடத்துக்கு வருவது அங்கே அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும். அக்கா வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், அவர் அதை மிகவும் விரும்பினார்.

எங்கள் அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. அக்கா ஒருநாள் விடுப்பு எடுத்தார். அதற்கு முந்தின சாயங்காலம் மை டின்களைத் துடைத்து வைத்தவள் நான். டின்னின் பக்கத்தில் மை வழிந்து எதை ஒட்டினாலும் மறைந்துவிடும் என்பதால், மூடியின் மேல் மட்டும் வட்டமாக ஒரு வண்ணத் தாள் ஒட்டியிருக்கும். மூடிகளைத் தனியாகத் துடைத்துக் காயவைத்தேன். பிறகு திரும்ப மூடினேன். நீல மூடி பச்சை டின்னுக்கும், பச்சை மூடி நீல டின்னுக்கும் போய்விட்டன. இரண்டும் ஒரே கறுப்பு, எனக்கு எப்படித் தெரியும்?

எனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கக் கூடாது. தெரியாது என்பதற்காகத்தான் முதல் பத்து. மறுநாள் நீலக் கோடு ஓட்ட வேண்டும் என்று தாளில் இருந்தது. முதல் பத்தை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா என்று பார்த்தேன். அன்றைக்கு ஓட்ட வேண்டிய கணக்கை முடித்துவிட்டால் நேரத்தோடு பெரியைப் பிடித்து, குழந்தையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. சூப்பர்வைசர்கூட அன்று அந்தப் பக்கம் வரவில்லை. நானாகத்தான் பத்தைச் சுடாமல் நேராக ஓட்டினேன். பக்கத்து மெஷினில் இருந்த மலாய்த் தோழி கக் ரொஹானி ('கக்' என்றால் மலாயில் அக்கா), "உன் அக்கா இருந்தா பத்து சுட்டுப் பார்ப்பாளே" என்று கேட்டார். "மூடியில ஒட்டியிருக்கே கக்" என்றேன். சாயங்காலம் ஐந்தாவது பெரிக்குப் பதில் மூன்றாவது பெரியிலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை அக்கா உள்ளே வந்ததும் மெஷினைப் பார்க்கவில்லை, சுட்ட பீங்கான்களை நிறம் பிரித்துக் கொட்டும் தொட்டிகளைத்தான் பார்த்தார். பச்சைத் தொட்டி நிரம்பி வழிந்தது. நீலத் தொட்டி காலி.

"நேத்து நீலம்தானே ஓட்டுன?"

"ஆமாக்கா."

"அப்ப நீலம் எங்கடி?"

அக்கா தொட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். சூளைப் பளபளப்போடு, பச்சைக் கோட்டோடு, அவ்வளவு அழகாக இருந்தது அது. சூளையிலிருந்து இறக்கிய அடுத்த ஷிப்டுக்காரர்கள் பச்சையைப் பார்த்தார்கள், பச்சைத் தொட்டியில் கொட்டினார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. அதே தொட்டியில் முன்பே அச்சிட்ட உண்மையான பச்சைக் கோட்டுப் பீங்கான்களும் இருந்தன. இரண்டும் கலந்துவிட்டன.

கோடு மாறினால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டு வகைப் பீங்கானும் வெளியில் ஒரே அளவுதான். இரும்புக் கூட்டுக்குள் மறையும் நுனி மட்டும் பச்சைக்கு உரியதில் கொஞ்சம் நீளம், நீலத்துக்கு உரியதில் கொஞ்சம் குட்டை. அதைப் பொறுத்துத்தான் எந்த எஞ்சினுக்கு எந்த பிளக் என்பது. மாற்றிப் போட்டால் கரி பிடித்து எஞ்சின் திணறும், நின்றும் போகும். கூடு மாட்டிய பிறகு சட்டென்று பார்த்துச் சொல்ல ஒரே அடையாளம் அந்தக் கோடு. அந்தக் கோட்டையே நான் பொய்யாக்கி வைத்திருந்தேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. கையிலிருந்த பீங்கானோடு கூடு மாட்டும் பிரிவுக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். அங்கே ஒரு தட்டுப் பச்சைப் பீங்கான் ஏற்கெனவே வரிசையில் ஏறியிருந்தது. அக்கா அந்த வரிசைக்கு முன்னால் போய், "பெர்ஹெந்தி! நிறுத்துங்க! பச்சை எதையும் தொடாதீங்க!" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. மெஷின்கள் நின்றன. சூப்பர்வைசர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த வாரம் அவர் தலைக்கு மேல் வேலை. மை மூடி மாறிப்போயிருக்கிறது என்று அக்கா சொன்னதைக் கேட்டவர் குரலைத் தாழ்த்தி, நுனியில் சின்ன வித்தியாசம்தானே, யாருக்குத் தெரியப் போகிறது, தாப்பா லா, போகட்டும் விடு என்று மலாயில் சொன்னார்.

"தாப்பா இல்ல பாஸ்," என்றார் அக்கா. "இந்த பிளக் என் வீட்டுக்காரரு கைக்கே வரும். அவரு கோட்டப் பாத்துத்தான் மாட்டுவாரு. மாட்டிக் குடுத்த படகு நடுக்கடல்ல நின்னா, அதுல இருக்கிறவனுக்கு யாரு பதில் சொல்றது? நீங்களா, நானா?"

சூப்பர்வைசர் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கோட்டைப் பார்த்தார். பிறகு அந்தத் தட்டைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னார். அடுத்த கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது. மூடியை மாற்றிப் போட்டது யார், முதல் பத்துப் பார்க்காமல் ஓட்டச் சொன்னது யார்?

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஆனால் அக்கா என்னைவிட வேகமாக இருந்தார்.

"நான்தான் பாஸ். முந்தின நாளு டின்னத் தொடச்சு மூடுனது நான். அம்மா கண்ணப் பத்தியே நெனைச்சுகிட்டு இருந்தேன், சாலாவா மாத்தி மூடிட்டேன். பத்து பாக்க வேணாம், நேரா ஓட்டுன்னு இவகிட்ட சொல்லிட்டுப் போனதும் நான்தான்."

முதல் பத்து பார்க்காமல் அக்கா ஓட்டச் சொன்னாராம்! அதை அந்தக் கூடத்தில் யாராவது நம்பியிருக்க முடியுமா? சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் தாளில் எழுதிக்கொண்டார். அக்கா வாழ்நாளில் சொன்ன பொய் என்று எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். அதை எனக்காகச் சொன்னார். நான் அதை மறுக்கவில்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. பயந்துவிட்டேன், அவ்வளவுதான். அதற்கு மேல் அலங்காரமாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் பெரியின் மேல்தளத்தில் நின்றுகொண்டு அழுதேன். அக்கா கைக்குட்டையை நீட்டினார்.

"அழுது முடிச்சுட்டியா? சரி கேளு. உன்னக் காப்பாத்திட்டேன்னு நெனைச்சுகிட்டு வீட்ல போயி படுத்துடாதே. நாளைக்குக் காலைல வந்து கேஜ எடுத்துகிட்டு என் பக்கத்துல உக்காரணும். கடைசிப் பீஸ் வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. வெளங்குச்சா?"

"வெளங்குச்சுக்கா."

"பசிக்குது. இறங்குனதும் ஏதாவது சாப்பிட்டுட்டுப் போவோம்."

மூன்று நாள் உட்கார்ந்தோம். நுனியை அளக்க ஒரு சின்ன இரும்பு அளவுகோல், அதைத்தான் கேஜ் என்போம். பீங்கானின் நுனி அதற்குள் முழுக்கப் போனால் குட்டை, முட்டிக்கொண்டு நின்றால் நீளம். ஒவ்வொன்றாக எடுத்து, நுழைத்து, பிரித்தோம். ஆயிரக்கணக்கில் இருந்தன. விரல் நுனி எரிந்தது. இரண்டாம் நாள் கக் ரொஹானியும் தன் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு உண்மை தெரியும். என்னை ஒருமுறை பார்த்தார், ஒரு கேஜை எடுத்துக்கொண்டார். அந்தப் பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் முடிவில் மெஷினின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டபோது இரண்டு குறைந்தன. போதும் என்று சூப்பர்வைசரே சொன்னார். அக்கா கேட்கவில்லை. முட்டிபோட்டு வரிசையின் அடியில் தேடினார். கூட்டி அள்ளிய குப்பைத் தொட்டியை வெளியே கொண்டுபோய்த் தரையில் கொட்டினார். ஒன்று உடைந்து இரண்டாகக் கிடைத்தது. இன்னொன்று சூளை வண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதை எடுத்து முந்தானையில் துடைத்துவிட்டு, "இப்ப வீட்டுக்குப் போலாம்" என்றார். தொழிற்சாலையிலிருந்து ஒரு தவறான கோடுகூட வெளியே போகவில்லை. அதை அக்காவின் பெருமையாகச் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதன் பிறகு நடந்ததும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பிரிவுத் தலைவி பதவி வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. அக்கா லட்டு வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தார். அந்தப் பதவி அவரிடம் வர இன்னும் ஏழு ஆண்டு ஆயிற்று. அது வரை அதே மெஷினில், அதே முதல் பத்து. ஒரே ஒரு மாற்றம்தான். டின்னின் கைப்பிடியில் நீல நூலும் பச்சை நூலும் கட்டி வைத்தார். மூடி எங்கே போனாலும் நூல் போகாது. வேறு யாருக்கும் தோன்றாத அந்த யோசனையை மற்றப் பிரிவுகளும் பிறகு எடுத்துக்கொண்டன.

தொழிற்சாலையில் ஒரு கதை, வீட்டில் ஒரு கதை என்று இருந்தால் என்றாவது ஒருநாள் வெளியே வந்துவிடும் என்று, அத்தானிடமும் அக்கா தன் தவறு என்றே சொல்லிவிட்டார். அத்தான் வேடிக்கையான மனிதர். "அடேயப்பா, ஊருக்கெல்லாம் கலர் பாக்குறவ நீலத்தப் பச்சையாக்கிட்டாளா!" என்று சிரித்தவர், அன்றே அந்தப் பெயரை வைத்துவிட்டார். ஆசையாக வைத்த பெயர்தான். பிறகு அது நம் குடும்பம் முழுக்கப் பரவிற்று. ஒவ்வொரு விசேஷத்திலும் அந்தப் பெயர் ஒலிக்கும்போது அக்கா என் பக்கம் திரும்ப மாட்டார். தன் முகத்தை நான் பார்த்துவிடக் கூடாது என்றுதான் திரும்பாமல் இருந்தார் என்று இப்போது புரிகிறது. நான் சொல்ல முயலும்போதெல்லாம், "வேலை முடிஞ்சு போச்சுல்ல, விடுடி" என்று வாயை அடைத்துவிடுவார். நானும் அடைத்துக்கொண்டேன். அடைத்துக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அக்காவின் சிறுநீரகம் கைவிட்டது. வாரத்துக்கு மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்கப் போக வேண்டும். அங்கேயும் அக்கா அக்காதான். தன் கையில் ஏற்றும் மருந்துப் பையில் தன் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையை நீட்டுவார். தாதியர் முதலில் முறைத்தார்கள், பிறகு அவர்களே பையைக் கொண்டுவந்து, "படிச்சுட்டு ஓகே சொல்லுங்க மேடம்" என்று காட்டத் தொடங்கினார்கள். வலியைப் பற்றி அவர் பேசியதை விட, பக்கத்துக் கட்டில் அம்மாவின் கம்பளி நிறம் வெளுத்துப் போயிருப்பதைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

கடைசியாக மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது ஒரு மத்தியானம் நானும் அவரும் மட்டும் இருந்தோம்.

"அக்கா, அந்தப் பச்சைக் கோட்டு விஷயத்த எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன். மனசு கேக்கல."

"இத்தன வருஷமா கேட்டுச்சே, இப்ப என்னா வந்துச்சு அதுக்கு?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்ததும் அவரும் நிறுத்திவிட்டார்.

"சொல்லணும்னா சொல்லு லா. வேணாம்னு நான் சொல்லல. ஆனா எடுத்த எடுப்புல ஊரு முழுக்க ஓட்டாதே. உனக்கு அதே அவசரம்தான். முதல்ல ஒருத்தருகிட்ட சொல்லு. எப்படி வருதுன்னு பாரு. அப்புறம் மத்தவங்களுக்குச் சொல்லலாம்."

"யாருகிட்டக்கா?"

"உனக்கே தெரியும்."

அதற்குப் பிறகு பத்து நாள்தான் அக்கா இருந்தார். மகன், மகள், அத்தான், நான் எல்லாரும் சுற்றி நிற்க, ஒரு காலை வேளையில் அமைதியாகக் கண்ணை மூடினார். அந்தப் பத்து நாளில் நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போது அந்தப் பெயரை அவரிடமிருந்து எடுத்துவிட எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பையும் விட்டுவிட்டேன். இதைவிடப் பெரிய வருத்தம் எனக்கு வாழ்க்கையில் இல்லை.

கருமாதி முடிந்து இரண்டு மாதம் கழித்துத் தெலுக் பாஹாங்கில் பட்டறைக்குப் போனேன். அத்தான் ஒரு மீனவரின் எஞ்சினைத் திறந்து வைத்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், மூடியிலிருந்து தரையைப் பார்த்தது வரை. அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பேர வெச்சவன் நான்," என்றார் கடைசியாக. "அவ ஒரு நாளுகூட மூஞ்சியச் சுளிக்கல. நீயும் பக்கத்துல நின்னு சிரிச்ச."

"ஆமா அத்தான்."

"போ. இப்பப் போயிடு."

ஐந்து மாதம் அத்தான் என்னோடு பேசவில்லை. நான் சமைத்து அனுப்பியது அப்படியே திரும்பி வந்தது. முதல் பத்து சரியாக வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். சரியாக வராவிட்டால் அக்கா என்ன செய்வார்? மையைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவார். நானும் ஒவ்வொரு வாரமும் சமைத்து அனுப்பினேன், திரும்பி வரும் பாத்திரத்தைக் கழுவி அடுத்த வாரம் மறுபடி அனுப்பினேன். ஒரு வெள்ளிக்கிழமை பாத்திரம் காலியாக வந்தது. அதற்கடுத்த வாரம் இந்த மலரைப் பற்றிப் பேச்சு வந்தபோது அத்தானே என்னைப் போனில் அழைத்தார்.

"உனக்கு நாலு பக்கம் வேணுமாம், புள்ளைங்க சொன்னாங்க. எடுத்துக்கோ. ஒண்ணு விடாம எழுது. நான் வெச்ச பேருன்னும் எழுது. அவ பேரு சுத்தமாகணும்."

எழுதிவிட்டேன், அத்தான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவைக் கடைசி வரை கனிவோடு கவனித்த மருத்துவர்களுக்கும், மருந்துப் பையைப் படிக்கக் காட்டிய தாதியருக்கும் எங்கள் நன்றி. அன்று வாயைத் திறக்காமல் கேஜைப் பிடித்த கக் ரொஹானிக்கு, இன்று இங்கே வந்து எங்களோடு உட்கார்ந்திருப்பதற்கும் சேர்த்து நன்றி. ரத்தச் சுத்திகரிப்புக்கு நாள் தவறாமல் அக்காவை வண்டியில் ஏற்றிப் போய் வந்த அண்டை வீட்டாருக்கும், கோயில் நிர்வாகத்தாருக்கும், சமையலில் கை கொடுத்த எல்லா அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் நன்றி. இந்த மலரை அச்சிட்ட தம்பியிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். அட்டையின் மாதிரிப் பிரதியை இரண்டு முறை தெருவுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். நீலம் ஊதாவாக வந்திருந்தது. "நினைவு மலருக்கு யாருக்கா இவ்ளோ பாப்பாங்க?" என்று அவர் நொந்துகொண்டார். மூன்றாவது முறை சரியாக வந்தது. அதன் பிறகுதான் மெஷினை ஓட்டச் சொன்னேன்.

அட்டையில் அக்காவின் படத்தைச் சுற்றிப் போட்டிருப்பது நீலக் கோடு. அவருக்கு உரியது அதுதான். இதோ, இந்தப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்துக்குக் கீழே பச்சைக் கோடு இருக்கிறது. இனி யாராவது கல்யாண வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆசைப்பட்டால், கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன்.

அக்காவின் தங்கை